மினிட் புத்தகத்தில் ஏறாத சபை

எங்கள் சபையின் மினிட் புத்தகங்களை யாராவது வரிசையாக எடுத்துப் படித்தால், இத்தனை வருடத்தில் அங்கே ஒரு நல்ல காரியமும் நடக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். மைக் இரைகிறது. ஜெனரேட்டருக்கு டீசல் போட்ட பில் வரவில்லை. பாடகர் குழு ஆராதனை தொடங்கிய பிறகுதான் வந்து சேருகிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேவல் எடுத்தவர் இன்னும் பணம் கட்டவில்லை. சுற்றுச்சுவர் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது; அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைக்கப்படுகிறது. பெரும்பாலான பக்கங்களில் இருப்பது என் கையெழுத்து. செயலாளராக இருந்தவன் நான். கூட்டத்தில் பேசியதை எழுதினேன். கூட்டம் என்று கூடினால் எங்கள் ஆட்கள் குறைதான் பேசுவார்கள்.

2015 டிசம்பர் முதல் வாரத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஒரே வரி உண்டு: ‘மழை காரணமாகக் கமிட்டி கூடவில்லை.’ அந்த வாரம் கோயில் வளாகத்தில் என்ன நடந்தது என்பது, பிறகு ஒரு ஆயர் வந்து எங்களை வீடு வீடாக அனுப்பிக் கேட்கச் சொன்னபோதுதான் முழுதாக வெளியே வந்தது. அவர் இருந்த காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சபையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆறிய சண்டைக்கு மறுபடி ஆள் சேரும்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில், பைபாஸைத் தாண்டியதும் சென்னீர்குப்பம். இன்று அங்கே நிற்பவர் கண்ணில் லாரியும் குடோனும் அடுக்குமாடியும்தான் படும். நான் வந்த காலத்தில் வயல் மிச்சமிருந்தது. 1960களில் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. ஆவடியில் டாங்கி ஃபேக்டரி வந்து, 1965 கடைசியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அந்த ஆலைகளும் அவற்றை நம்பி முளைத்த பட்டறைகளும் தெற்கிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்தன. நாசரேத் பக்கத்திலிருந்து வந்த நானும் அதில் ஒருவன். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. மனை விலை கட்டுப்படியானதால் இந்தப் பக்கம் குடியேறினோம்.

நாங்கள் வருவதற்கு முன்பே இங்கே சபை இருந்தது. காலனிக் குடும்பங்கள் கீற்றுக் கொட்டகை போட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஜெபக்கூட்டம் நடத்தி வந்தார்கள். தெற்கத்திக்காரர்கள் வந்த பிறகு கொட்டகை கட்டடமானது. சந்தா, ரசீது, கமிட்டி, எலெக்ஷன் எல்லாம் வந்தன. இவையெல்லாம் வர வர, கொட்டகை போட்டவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. வேதபாட வாசிப்பும் நோட்டீசும் சாவிக்கொத்தும் எங்கள் கைக்கு வந்துவிட்டால் அவர்கள் வேறு எங்கே உட்காருவார்கள்? 2000க்குப் பிறகு மூன்றாவதாக ஒரு கூட்டம் சேர்ந்தது. அடுக்குமாடிக் குடும்பங்கள், கம்ப்யூட்டர் வேலை, காரில் வந்து காரில் போகிறவர்கள். எங்கள் கீர்த்தனை அவர்களுக்கு இழுவை. அவர்களுடைய டிரம்ஸ் எங்களுக்கு இரைச்சல்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டாம் ஆராதனை எத்தனை மணிக்கு என்பது ஒன்று. எலெக்ஷனில் யார் ஓட்டு செல்லாது என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது சுற்றுச்சுவர். வளாகத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று எங்கள் பக்கம் தீர்மானம் கொண்டுவந்தது. ஆடுமாடு வருகிறது, ராத்திரியில் கண்டவர்கள் வந்து உட்காருகிறார்கள் என்று காரணம் சொன்னது. சுவர் வந்தால் காலனியிலிருந்து கோயிலுக்கு வரும் குறுக்குவழி அடைபடும். மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இதைத் தீர்மானத்தில் யாரும் எழுதவில்லை. ஆனால் சபையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு எலெக்ஷன் சமயத்தில் வாய்ச்சண்டை கைகலப்பாகி, விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளில் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது.

புது ஆயர் 2017இல் வந்தார். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். முதல் கமிட்டியிலேயே ஒவ்வொரு கோஷ்டியும் ஒரு குறைப்பட்டியல் நீட்டியது. எல்லாவற்றையும் வாங்கி, பொறுமையாகப் படித்து, மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

“இதெல்லாம் என்கிட்ட இருக்கட்டும். இந்த சபை நல்லா உயிரோட இருந்துச்சுன்னு உங்களுக்குத் தோணின ஒரு நாளைச் சொல்லுங்க.”

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பொருளாளர், “பிரதிஷ்டைப் பண்டிகைங்க ஐயா. பிஷப் வந்திருந்தாங்க” என்றார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் ஓடவில்லை.

என் தொழிலில் குறை காண்பதற்குத்தான் சம்பளம். ஒரு புஷ் வந்தால் அதன் துளையில் கேஜை விட்டுப் பார்ப்போம். கோ பக்கம் நுழையாவிட்டால் துளை சின்னது, ரீவொர்க்குக்கு அனுப்பலாம். நோ-கோ பக்கம் நுழைந்துவிட்டால் துளை பெரிது, ஸ்கிராப். சிவப்பு டேக் மாட்டித் தனியாக வைத்துவிடுவோம். அந்த முறையில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் சிவப்பு டேக் மாட்டிய புஷ் மறுநாள் நாலு புஷ்ஷைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கோஷ்டி சேர்க்காது. சபையில் ஒருவர்மேல் டேக் மாட்டினால் அவர் குடும்பமே அந்த டேக்கைத் தலைமுறைக்கும் சுமக்கும். திருப்பி உங்கள்மேல் ஒன்று மாட்டும் வரை தூங்காது.

ஆயருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். 1980இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக் என்ற பெரிய மருத்துவமனையில் டேவிட் கூப்பர்ரைடர் என்ற ஆராய்ச்சி மாணவர் ஆய்வுக்குப் போனார். நிர்வாகத்தில் என்ன கோளாறு என்று பார்ப்பதுதான் வேலை. ஆனால் கோளாறைவிட அங்கே ஆட்கள் ஒன்றுகூடி வேலை செய்த விதம்தான் அவரை இழுத்தது. அவருடைய பேராசிரியர் சுரேஷ் ஸ்ரீவஸ்தவா, நம் நாட்டுக்காரர், அதையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். இருவரும் சேர்ந்து 1987இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த முறை உலகமெங்கும் பரவியது. எந்த நிறுவனமானாலும் அது நன்றாக இயங்கிய நாட்களை அதன் ஆட்களையே சொல்லவைத்து, அந்த நாட்களில் இருந்தது எது என்று கண்டுபிடித்து, அதை வளர்க்கிற வழியைத் தேடுவது. கலிஃபோர்னியாவில் அல்டடீனா என்ற ஊரில் ஜப்பானிய வம்சாவளியினர் நடத்திய ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை இதைச் செய்து பார்த்தது. அந்த அனுபவத்தை மார்க் லாவ் பிரான்சன் என்பவர் 2004இல் புத்தகமாக எழுதினார்.

“அமெரிக்காக்காரன் செஞ்சா நமக்கு ஆகுமா ஐயா?” என்றேன்.

“பக்கத்துல கர்நாடகாவுல செஞ்சிருக்காங்க சார்” என்றார். திபெத்திய அகதிகளைக் குடியமர்த்த 1968இல் தொடங்கிய மைராடா, பிறகு கிராமத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குப் பேர்பெற்ற அமைப்பு. 1999 முதல் 2001 வரை அது தன் கிராமங்களில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது. உங்கள் ஊரில் என்ன பிரச்சினை என்று கேட்டுப் போனால் ஜனங்கள் ரோடு, தண்ணீர், கடன் என்று பட்டியல் போட்டுவிட்டு, நீங்கள்தான் செய்து தர வேண்டும் என்று கையைக் கட்டிக்கொள்வார்கள். நீங்களே சேர்ந்து சாதித்தது என்ன என்று கேட்டால் பேச்சே வேறு விதமாகப் போகும்.

பிரசங்கத்தில் இந்தக் கதையையெல்லாம் அவர் சொல்லவில்லை. கொரிந்து சபையை எடுத்துக்கொண்டார். அங்கே பவுல் கோஷ்டி, அப்பொல்லோ கோஷ்டி, கேபா கோஷ்டி என்று எங்களை மிஞ்சிய சண்டை. அவர்களுக்குக் கடிதம் எழுதிய பவுல், கண்டிப்பதற்கு முன்பே அவர்களுக்காக நன்றி சொல்லி, அவர்களிடம் இருக்கிற வரங்களை எண்ணிக் காட்டுகிறார். கலாத்தியருக்கு எழுதும்போது அந்த நன்றியைக் காணோம், நேரே கண்டிப்புதான். ஆகவே அது ஒப்புக்குச் சொல்கிற முகஸ்துதி இல்லை. இருந்த இடத்தில்தான் சொல்லியிருக்கிறார் என்று முடித்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

பிறகு வேலை தொடங்கியது. கேள்விகள் நாலுதான். இது நம்ம கோயில் என்று மனசு நிறைந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், உங்கள் கை செய்த வேலை என்ன? எது போய்விட்டால் இது சபையாகவே இருக்காது? இந்தச் சபைக்காக மூன்று ஆசை கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள்? கேட்பதற்குச் சில கட்டுப்பாடுகள் வைத்தார். தன் கோஷ்டி ஆளிடம் போகக் கூடாது. கோயிலில் வைத்துக் கேட்கக் கூடாது. அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். பதில் பேசக் கூடாது.

எதிர்ப்பு வராமல் இல்லை. எங்களில் ஒருவர் தொழிற்சங்கத்தில் நாள்பட இருந்தவர். பொதுக்கூட்டத்தில் எழுந்து, “ஐயா, நாங்க கணக்கு கேட்டா நீங்க கதை கேக்கச் சொல்றீங்க. நல்லதையே பேசிக்கிட்டிருந்தா தப்பு பண்ணவன் தப்பிச்சிருவான்” என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. ஆயர் அவரை மடக்கப் பார்க்கவில்லை. நியாயம் என்றார். சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆடிட்டரை வைத்துப் பழைய வரவு செலவைச் சரிபார்த்து, அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் வரை ஒருவரையும் கதை கேட்க அனுப்பவில்லை. சில்லறைக் குளறுபடிகள் தெரிந்தன. பெரிய களவு என்று ஊர் பேசியது எதுவும் இல்லை. அந்தத் தாள் ஒட்டிய பிறகுதான் ஜனங்கள் கதை சொல்ல வாய் திறந்தார்கள்.

எனக்கு வந்த சீட்டில் காலனியில் இருக்கும் ஒரு மூத்த அம்மாவின் பெயர். கல்யாண வீடுகளில் சமையலுக்குப் போகிறவர். வாரா வாரம் ஆராதனையில் பார்த்திருக்கிறேன், வீட்டுக்குப் போனதில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு, அதைத் தன் முந்தானையால் துடைத்தார்.

“இன்னா சார், செகரெட்டரியே வந்துட்டீங்க. சந்தா பாக்கியா?”

“இல்லம்மா. ஒரு விஷயம் கேக்க வந்தேன்.”

கேள்வியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, “அந்த மழையப்போதான் சார்” என்று ஆரம்பித்தார்.

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்ட நாள். அடையாற்றங்கரை ஊர்களெல்லாம் மூழ்கின. எங்கள் பக்கம் ஆற்று வெள்ளம் அந்த அளவுக்கு ஏறவில்லை, தெருத்தண்ணீரும் இருட்டும்தான். கரன்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. என் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததால் நாங்கள் உறவினர் வீட்டு மாடியில் இருந்தோம். அந்த அம்மா சொன்னது இது.

மாங்காட்டிலிருந்து ஒரு பையன் நனைந்துகொண்டு வந்து, குன்றத்தூர்ப் பக்கம் ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் பசியோடு கிடக்கிறார்கள் என்றான். கோயில் ஸ்டோர் ரூமில் அசன விருந்துக்கு வாங்கின அண்டாவும் கரண்டியும் இருந்தன. சாவி கமிட்டியிடம், கமிட்டி எங்கே என்று தெரியாது. காலனிப் பையன்கள் பூட்டை உடைத்தார்கள். விறகு முழுக்க நனைந்திருந்தது. பந்தலுக்கு வைத்திருந்த சவுக்குக் கட்டை மட்டும் உள்ளே காய்ந்து கிடந்தது, அதைப் பிளந்து அடுப்பு மூட்டினார்கள். அரிசிக்கு முதலில் கைவைத்தது பிடியரிசிப் பெட்டியில்.

பிடியரிசி எங்கள் பக்கத்திலிருந்து வந்த பழக்கம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவாள் என் அம்மா. மிசோரம் சபைகளிலும் 1910இல் பெண்கள் இதைத் தொடங்கினார்கள். இன்று அங்கே பிடியரிசியால் மட்டும் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் சேருகிறது. எங்கள் கோயிலில் அந்தப் பெட்டியைத் தெற்கத்திக் குடும்பங்கள் கொண்டுவந்து வைத்தன. நாளடைவில் எங்கள் வீட்டுப் பெண்கள் கவரில் பணம் போட ஆரம்பித்துவிட்டார்கள். காலனிப் பெண்கள் அரிசி போடுவதை நிறுத்தவில்லை. பெட்டியில் இருந்தது முழுக்க ரேஷன் அரிசி. அதோடு வீட்டுக்கு வீடு வாங்கிச் சேர்த்தார்கள்.

“மொதல்ல சாம்பார் சாதம் போடலாம்னாங்க. நான்தான் வேணாம்னேன். சாம்பாரு ஊசிப்பூடும் சார், எப்போ போய்ச் சேரும்னே தெரியாது. புளிசாதம்னா ராத்திரிக்கும் தாங்கும்.”

புளியும் எண்ணெயும் மெயின் ரோட்டு மளிகைக்கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தார். அவர் தெற்கத்திக்காரர், அந்த அம்மாவின் சொந்தத் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசாதவர். அடுக்குமாடிப் பையன்கள் இரண்டு பேர் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாங்காடு, குன்றத்தூர், வழி கிடைத்தபோது அனகாபுத்தூர் வரை பொட்டலம் போனது. அடுப்பு நாள்கணக்கில் அணையவில்லை.

“இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லலையாம்மா?”

“யாரு சார் கேட்டாங்க? பூட்டு ஒடச்சது யாருன்னுதான் கேட்டாங்க.”

வீட்டுக்கு வந்து மினிட் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 2016 ஜனவரிக் கூட்டம், நாலாவது பொருள்: ‘ஸ்டோர் ரூம் பூட்டு உடைக்கப்பட்டது குறித்து விசாரிக்க வேண்டும். புதுப் பூட்டு வாங்க அனுமதி வழங்கப்பட்டது.’ வெள்ளத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பதிவானது இவ்வளவுதான்.

கேட்டு வந்ததையெல்லாம் சார்ட் தாளில் எழுதி, ஹாலின் சுவரில் ஒட்டினோம். ஜனங்கள் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் படித்தார்கள். பிரதிஷ்டைப் பண்டிகையை ஓரிருவர்தான் சொல்லியிருந்தார்கள். திரும்பத் திரும்ப வந்தவை மூன்று: சமையல், துக்க வீடு, பிள்ளைகளின் சாயங்காலப் படிப்பு.

துக்க வீட்டுக் கதைகளில் ஒன்று பாட்டுச் சண்டையின் முதுகெலும்பையே முறித்தது. அடுக்குமாடியில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர்க்காரர், டிரம்ஸ் வேண்டும் என்று கடிதம் எழுதியவர்களில் முன்னால் நின்றவர். அவருடைய அப்பா ராத்திரியில் இறந்துபோனார். அந்தக் கட்டடத்தில் பக்கத்து வீட்டாரின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. விஷயம் கேள்விப்பட்டு சபைப் பெரியவர்கள் வந்து, பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, விடியும் வரை கீர்த்தனை பாடியிருக்கிறார்கள். புத்தகம் இல்லை, மைக் இல்லை. வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகளை எல்லாச் சரணமும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தாத்தா எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்ந்திருக்கிறார்கள். ‘அன்று ராத்திரி அந்த இழுவைதான் எங்களைத் தாங்கியது’ என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் ஆட்கள் அந்தத் தாளின் முன் வெகுநேரம் நின்றார்கள். அடுத்த மாதமே அவருடைய மகன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாத்தா வீட்டுக்கு ராகம் படிக்கப் போனான்.

இதுவரை சொன்னது இனிப்பான பகுதி. ஆயர் இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல பண்டிகையோடு முடிந்திருக்கும். அவர் இன்னும் இரண்டு தாள் ஒட்டினார். ஒன்றில், நல்ல நாள் கதைகளில் அடிக்கடி வந்த பெயர்கள். இன்னொன்றில், கமிட்டியில் பொறுப்பு வகித்தவர்களின் பெயர்கள். அதை நான்தான் பழைய புத்தகங்களிலிருந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு தாளிலும் சேர்ந்து வந்த பெயர் அபூர்வம். முதல் தாளில் காலனிப் பெயர்கள் அதிகம், பெண்கள் பெயர் அதைவிட அதிகம். இரண்டாம் தாளில் பெண்களைத் தேட வேண்டியிருந்தது. என் பெயர் இரண்டாம் தாளில் மட்டும் இருந்தது.

அவர் விளக்கம் ஏதும் சொல்லவில்லை. தேவையும் இல்லை. குறைப்பட்டியல் போட்ட காலத்தில், காலனி ஆட்களுக்குக் கமிட்டியில் இடமில்லை என்று யாராவது சொன்னால், பதிலுக்கு நூறு காரணம் வரும்: அவர்களுக்குக் கூட்டத்துக்கு வர நேரமில்லை, கணக்கு எழுத வராது, சந்தா பாக்கி. இப்போது எங்கள் வாயாலேயே சொல்லி, எங்கள் கையாலேயே எழுதிய கதைகள் எதிரே தொங்கின. மாவட்டமே தத்தளித்த நேரத்தில் அரிசி, விறகு, வண்டி, ஆள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து நடத்தியவருக்குக் கணக்கு வராது என்று யார் சொல்வது? நல்லதைக் கேட்டுப் போனால் நல்லதைச் செய்தவர் யார் என்று தெரிகிறது. அவரை எங்கே உட்கார வைத்திருக்கிறோம் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. குறையைக் கேட்டிருந்தால் இந்த உண்மை எங்களுக்குக் குற்றச்சாட்டாக வந்திருக்கும், நாங்களும் மறுத்திருப்போம். இந்த முறையை ஆராய்ந்தவர்களில் ஜெர்வாஸ் புஷே என்பவர் 2007இல் எழுதிய கட்டுரையில், நல்லதைப் பேசுவதே இதன் குறிக்கோள் என்று நினைத்துவிடக் கூடாது என்று எச்சரிக்கிறார். அதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை பிறக்கிறதா என்பதுதான் அவர் பார்க்கச் சொல்வது. எங்கள் ஹாலில் அந்த இரண்டு தாளும் அதைத்தான் செய்தன.

பிறகு நடந்தவை சின்னச் சின்ன மாற்றங்கள். சமையலுக்கும் துக்க வீட்டுக்கும் குழுக்கள் அமைத்தோம். ஸ்டோர் ரூம் சாவி சமையல் குழுவிடம் போனது. அந்தக் குழுவுக்கென்று தனித் தொகை ஒதுக்கி, அதைச் செலவழிக்கும் அதிகாரமும் கொடுத்தோம். அந்த அம்மா அதன் தலைவி ஆனார். சாயங்காலப் படிப்பு திண்ணையிலிருந்து ஹாலுக்குள் வந்தது. ஃபேனும் லைட்டும் போட்டால் கரன்ட் பில் ஏறும் என்ற பழைய ஆட்சேபம் எடுபடவில்லை. சுற்றுச்சுவர் எழும்பியது, காலனிப் பக்கம் ஒரு கேட்டோடு. அந்த கேட்டுக்கு எவ்வளவு அகலம் என்று பேச்சு வந்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்று துக்க வீட்டுக் குழுவினர் சொன்னார்கள். கொத்தனார் அந்த அளவுக்கே வைத்தார்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. கோயில் கதவு மூடியது. சமையல் குழுவின் அடுப்பு எரிந்தது. பைபாஸ் ஓரத்துக் குடோன்களில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் வேலையும் கூலியும் இல்லாமல் முடங்கிக் கிடந்தார்கள். இந்தத் தடவை பூட்டு உடைக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குப் புளிசாதம் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், அந்த அம்மா ஒரு பையனை வரவழைத்து, பருப்பும் உருளைக்கிழங்கும் எப்படிச் செய்ய வேண்டும் என்று சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தவர், முன்பு கணக்கு கேட்ட தொழிற்சங்கக்காரர்.

மாறாததையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சில குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அவர்கள் சொன்ன காரணம் கார் நிறுத்த இடமில்லை என்பது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் முன்பு எந்த எல்லைக்குள் நடந்ததோ அதே எல்லைக்குள்தான் நடக்கிறது. எந்தக் கேள்வித்தாளும் அந்தக் கதவைத் தட்டவில்லை. அடுத்த எலெக்ஷனிலும் கோஷ்டி இருந்தது. அந்த அம்மா என்னை இன்றைக்கும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறார். சொல்லிப் பார்த்துவிட்டேன், அவருக்கு அது வரவில்லை.

ஆயர் மாற்றலாகிப் போய்விட்டார். பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து இப்போதும் எப்போதாவது யாராவது வந்து, அந்த நாலு கேள்வியைக் கொடுங்கள், எங்கள் ஊரிலும் கேட்டுப் பார்க்கிறோம் என்கிறார்கள். கொடுக்கிறேன். கூடவே சொல்லியனுப்புவது இதுதான்: முதலில் கணக்கை ஆடிட் பண்ணி போர்டில் ஒட்டுங்கள். அது ஒட்டாத சுவரில் எந்த நல்ல கதையும் நிற்காது. பிறகு, கமிட்டிக்காரர்களையே காலணியைக் கழற்றிவிட்டு அடுத்தவர் வீட்டுக்குள் போகச் சொல்லுங்கள். கேட்டு வந்த பெயர்களையும் கமிட்டிப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை ஒட்டத் தைரியம் இல்லையென்றால் கேள்வியே கேட்க வேண்டாம், வழக்கம்போலப் பண்டிகை கொண்டாடிவிட்டுப் போகலாம்.